பதினொரு ஓட்டு

ஒழலப்பதி மூன்றாம் வார்டில்
தெய்வாத்தாளிடம் தோற்ற முதல் ஆள் நான்.
பதினொரு ஓட்டு.
ஒன்று என் மச்சினன் அவளுக்குப் போட்டது என்பது
என் கணக்கு. அவன் ஒத்துக்கொள்ளவில்லை.
அவளுக்கு மண்வெட்டி, எனக்குக் குடை.
மழை மலைக்கு அந்தப்பக்கமே பெய்து
திரும்பிப்போகிற ஊரில்
குடையைக் காட்டி ஓட்டுக் கேட்டவன்
வேறு எங்கே போவான்.

அப்போது அவள் கடலை மில்லில்
எடை எழுதுகிற பெண்.
மூட்டைக்கு முந்நூறு கிராம்
முதலாளி தராசு தின்றதை
ஒன்றுவிடாமல் குறித்துவைத்த நோட்டை
வீடு வீடாக விரித்துக் காட்டினாள்.
வேறு பிரசாரம் செய்ததாக ஞாபகம் இல்லை.

அப்புறம் பஞ்சாயத்துத் தலைவி.
பெயர்ப்பலகையில் தமிழும் எழுத
பெயிண்டுக்கு நானூறு ரூபாய் ஒதுக்கியதற்கு
பாலக்காட்டிலிருந்து விளக்கம் கேட்டார்கள்.
மலையாளத்திலேயே பதில் எழுதினாள்.
பதினேழு பிழை என்று கிளார்க் சொல்லிச் சிரித்தான்.
தொகை பாஸானது.

அப்புறம் சட்டசபை.
இரண்டு தடவை.
கேள்வியைச் சோத்யம் என்று கேட்கப் பழகிக்கொண்டாள்,
கோபம் வந்தால் மட்டும்
‘ஏனுங்’ என்று ஆரம்பிப்பாள் என்றார்கள்.

பதவிப் பிரமாணம் தமிழில் எடுத்தாள்.
வேலந்தாவளம் டீக்கடை டிவியில் பார்த்தோம்.
கடையே கை தட்டியது.
நான் கிளாஸைக் கீழே வைத்தேன், அவ்வளவுதான்.
மந்திரி என்று என் வாயில் வராது.
மில்லுக்காரப் பொண்ணு என்றுதான் சொல்வேன்.

தண்ணீர் இலாகா.
குடத்தோடு லாரி பின்னால் ஓடி வளர்ந்தவளுக்கு
இது மரியாதையா, மாட்டிவிடுவதா என்று
மீனாட்சிபுரம் செக்போஸ்ட் வரைக்கும் பேச்சு.

பொள்ளாச்சியில் பேச்சுவார்த்தை.
இரண்டு மாநில அதிகாரிகளும்
இங்கிலீஷில் கன அடி பேசினார்கள்,
முந்திரி சாப்பிட்டார்கள்.
இவள் ஃபைலை மூடிவைத்து,
‘ஏனுங், மாசி மாசத்துத் தண்ணி எங்கீங்?’ என்றாளாம்.
எதிரே இருந்த இன்ஜினியர் யோசிக்காமல்
‘எங்களுக்கே இல்லீங் அம்மிணி’ என்றுவிட்டார்.
அப்புறம் அரைமணி நேரம்
இரண்டு பேரும் பங்காளிச் சண்டை மாதிரி.
அவளுடைய செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை.
பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள்
அங்கத்திய பேப்பரில்
கேரள மந்திரி பிடிவாதம்.
இங்கத்திய பேப்பரில்
தமிழ் பேசி விட்டுக்கொடுத்தார்.
ஆனைமலைத் தென்னந்தோப்பில் வாழ்க்கைப்பட்ட தங்கை
மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை.
அந்தத் தோப்புக்கும் அதே ஆற்றுத் தண்ணீர்தான்.

பத்தொன்பது நாள் வாய்க்காலில் வந்தது.
என் வயலுக்கும் வந்தது,
யார் வயல் என்று விசாரிக்காமல்.

பதினான்கு மாதத்தில் கூட்டணி உடைந்தது.
அடுத்த தேர்தலில் கட்சி சீட் கொடுக்கவில்லை.
சைரன் இல்லாமல், ஒரு தகரப்பெட்டியோடு
கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் வந்து இறங்கினாள்.
பெட்டியில் என்ன என்று ஊர் ஒரு வாரம் ஊகித்தது.
கடைசியில் பார்த்தால் மொத்தமும் மனுக்கள்.

போன வாரம் மதகடியில் எதிரே வந்தாள்.
வரப்பு ஒருவர் நடக்கிற அகலம்.
நான் இறங்கி நின்றேன்.
தாண்டிப் போனவள் திரும்பி,
‘உங்க மச்சினன் ஓட்டு எனக்கு விழலீங்.
எண்ணும்போது நானே பார்த்தேன்.
சீட்டு ஓரத்துல சுண்ணாம்பு விரல் அச்சு.
ஊர்ல இடது கையில சுண்ணாம்பு தடவறவரு அவரு ஒருத்தருதான்.
குடைக்கும் மண்வெட்டிக்கும் நடுவுல
கோட்டு மேலயே குத்தியிருந்தாரு.
செல்லாத ஓட்டு.’

‘அப்பவே சொல்லியிருக்கலாமே.’

‘நீங்க கேக்கலையே.’

இருபத்தாறு வருஷம்
அவன் வீட்டில் பச்சைத்தண்ணீர் குடித்ததில்லை நான்.
அன்று சாயந்திரம் போய் ஒரு சொம்பு கேட்டேன்.
கொண்டுவந்து நீட்டியவன், கையை விடாமல்,
‘யார் சொன்னது?’ என்றான்.

‘மந்திரி’ என்றேன்.